சோற்று வாளி

முதலில் மழை கேட்டது. பிறகு இரும்புக் கேட் திறக்கும் சத்தம், ஈரச் செருப்பின் சறுக்கல், தூரத்தில் ஒரு வயலின். மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த நிலோஃபர் நின்றாள். தெருவில் வெயில் கொளுத்தியது. மழை ஜீவரத்தினத்தின் வீட்டுக்குள் பெய்துகொண்டிருந்தது.

"சவுண்டு எவ்வளவு சுத்தமா இருக்கு பார்த்தீங்களா மேடம்" என்றார், பின்னால் வந்த சற்குணம்.

அவள் மீதிப் படிகளை ஏறினாள்.

நிலோஃபருக்கு முப்பத்து நான்கு வயது. ஆடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தாள். சற்குணத்துக்கு ஐம்பத்து மூன்று. இருபத்தாறு வருடம் தியேட்டரில் ஆபரேட்டர். தியேட்டர் கல்யாண மண்டபமான பிறகு அவளிடம் தொழில் கற்க வந்தவர். டிஸ்க் பிளேயரில் வரும் ஒலி வகைகளின் பெயர்கள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். இந்த வீட்டு பிளேயர்தான் அவர் தனியாகப் போய் மாட்டிய முதல் பிளேயர். வந்திருப்பது மூன்றாவது புகார்.

"இன்னைக்கும் சரியாகலைன்னா இனிமே உங்களைத் தனியா எந்த வீட்டுக்கும் அனுப்ப மாட்டேன்" என்று வழியிலேயே சொல்லியிருந்தாள்.

ஜீவரத்தினம் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு தட்டில் பாதி உரித்த பூண்டு. ரயில்வே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறவியிலேயே பார்வை கிடையாது.

"வாம்மா. இந்தப் படத்துல எல்லாரும் ஊமையா?"

"சவுண்டு நல்லாத்தானே வருது ஐயா" என்றார் சற்குணம்.

"மழை வருது. கேட் திறக்குது. யாரோ நாற்காலியை இழுக்குறான். ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டேங்குறான். எனக்குப் படம்னா பேச்சுதான் தம்பி. செட்டை எடுத்துட்டுப் போயிடுங்க."

"பிளேயர் முன்னாடி 'ஃபைவ் பாயிண்ட் ஒன்'னு லைட் எரியுது, ஆறு வழிச் சத்தம், பாருங்க."

"யாரைப் பார்க்கச் சொல்றீங்க?"

சற்குணம் நாக்கைக் கடித்துக்கொண்டார். நிலோஃபர் துப்பட்டா நுனியால் நெற்றியைத் துடைத்தாள்.

"மாட்டின அன்னைக்கு எதைப் போட்டுப் பார்த்தீங்கண்ணே?"

"சண்டைக் காட்சி. ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்துச்சு. கடைகள்ல எல்லாரும் அதைத்தானே போட்டுக் காட்டுறாங்க."

"அதுல யாராவது பேசுறாங்களா?"

அவர் யோசித்தார். "இல்ல."

"இங்க எத்தனை ஸ்பீக்கர்?"

"ரெண்டு."

"பிளேயர்கிட்ட எத்தனைன்னு சொல்லியிருக்கீங்க?"

"ஆறு. டிஸ்க்ல சத்தம் ஆறு வழியாப் பிரிஞ்சிருக்கு மேடம். ரெண்டுன்னு போட்டா எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்துடும். நல்ல சத்தத்தை என் கையால கெடுக்கச் சொல்றீங்களா?"

நிலோஃபர் கண்ணை மூடித் திறந்தாள். இதை அவர் கேட்பது எத்தனையாவது முறை என்று அவளுக்கே தெரியாது.

"பந்தியில பரிமாற ஆறு பேர் வர்றதாப் பேச்சு. வந்தது ரெண்டே பேர். நீங்க சமையல்காரர்கிட்ட போய் ஆறு பேரும் வந்தாச்சுன்னு சொல்லிட்டீங்க. அவரும் ஆறு பேருக்குப் பிரிச்சு வச்சுட்டார். வந்தவங்க கையில பொரியலும் அப்பளமும். சோத்து வாளி எங்கண்ணே?"

"அடுப்படியிலயே நிக்கும்."

"சோறு எடுக்க வேண்டியவர் நடு ஸ்பீக்கர். பேச்செல்லாம் அவர் கையிலதான். அவர் இந்த வீட்டுக்கு வரவேயில்ல. நீங்க தினமும் அவரை வரவேற்குறீங்க."

சற்குணம் ரிமோட்டை எடுத்தார். மெனுவில் ஆறை அழித்து இரண்டு என்று வைத்தார். கட்டை விரல் கொஞ்ச நேரம் தயங்கித்தான் அழுத்தியது.

மழைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. குடை எடுத்துட்டு வந்திருக்கக் கூடாதா என்று யாரையோ கடிந்துகொண்டாள்.

ஜீவரத்தினத்தின் தலை அந்தப் பக்கம் திரும்பியது.

சற்குணம் விடவில்லை. தணிந்த குரலில் கேட்டார்: "ஆனாலும் மேடம், ஆறை ரெண்டாக் கலந்துட்டோமே. இது முழுச் சத்தம் ஆகுமா?"

நிலோஃபர் பையைத் தோளில் மாட்டினாள்.

"அவர்கிட்ட கேளுங்க. நான் கடைக்குப் போறேன்."

அவள் இறங்கிப் போகும் காலடி தேய்ந்தது. சற்குணம் தொண்டையைச் செருமினார். வாயைத் திறக்கும் முன்பே ஜீவரத்தினம் கையை உயர்த்தி அவரைத் தடுத்தார்.

சற்குணம் ரிமோட்டைக் கீழே வைத்தார்.

உயர்ந்த கை மெல்ல இறங்கியது. பக்கத்திலிருந்த தட்டைத் தடவி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஜீவரத்தினம் படத்தின் பேச்சைக் கேட்டபடியே பாதியில் விட்டிருந்த பூண்டை உரிக்க ஆரம்பித்தார்.