‘பிறகு’ என்ற பொத்தான்

முக்குளக் காட்டில் எல்லா விலங்குகளும் ஒரு கம்ப்யூட்டரை நம்பித்தான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

காட்டை ஆராய வந்த மனிதர்கள் குளக்கரையில் ஒரு கொட்டகை போட்டார்கள். உள்ளே கம்ப்யூட்டர் வைத்தார்கள். கூரைமேல் சூரியத் தகடு பதித்தார்கள். குளத்துக்கு வரும் பாதைகளிலும் குளக்கரையிலும் மரத்தில் கேமரா கட்டினார்கள். பிறகு ஒருநாள், காசு தீர்ந்ததோ, ஆசை தீர்ந்ததோ, எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

கம்ப்யூட்டர் மட்டும் வேலையை விடவில்லை. செந்நாய்க் கூட்டம் எந்தப் பாதையில் தலைகாட்டினாலும் கேமரா பார்த்துவிடும். உடனே கொட்டகைக் கூரையில் வைத்திருந்த அபாயச் சங்கு அலறும். மான்கள் பாறைக்கு ஓடும். முயல்கள் முள் புதருக்குள் பாயும். மயில் மரக்கிளைக்குத் தாவும். செந்நாய்கள் வந்து பார்த்தால் குளத்தில் தண்ணீர் மட்டும்தான் இருக்கும். ஒட்டிய வயிறோடு அவை திரும்பிப் போகும்.

அந்தக் கம்ப்யூட்டரைக் கவனித்துக்கொண்டவள் செம்பி என்ற மலையணில். மனிதர்கள் வேலை செய்ததை ஜன்னல் வழியே பார்த்துப் பார்த்தே எல்லாம் கற்றுக்கொண்டவள். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது, எது மக்கர் பண்ணும், எதைப் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் வழிக்கு வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். காடே அவளை “ஆபீசரம்மா” என்று கூப்பிட்டது. அவளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பிடிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள், அவ்வளவுதான்!

புல்லி என்ற முயல்தான் அவளுக்கு உயிர்த்தோழி. காலையில் மூன்று குட்டிகளோடு குளத்துக்கு வருவாள். வந்ததும் ஜன்னலில் மூக்கை நீட்டுவாள்.

“அக்கா, குடிக்கலாமா?”

“பயமில்லாம குடிடி! நான் இருக்கேன்ல!”

அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் குட்டிகளைத் தண்ணீரில் வாய் வைக்க விடுவாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் சில நாட்களாகத் திரையின் மூலையில் ஒரு சிவப்புக் கட்டம் வந்து நின்றது. ‘இந்தக் கம்ப்யூட்டரை நடத்தும் இயங்குதளம் பழையதாகிவிட்டது. இனி இதற்குப் பாதுகாப்பு இல்லை. புதியதற்கு மாறுகிறீர்களா?’ என்று அதில் எழுதியிருந்தது. கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் ‘இப்போதே’. இன்னொன்றில் ‘பிறகு’.

செம்பி ‘பிறகு’ பொத்தானை அழுத்துவாள். கட்டம் போய்விடும். மறுநாள் திரும்ப வரும். திரும்பவும் அழுத்துவாள்.

ஒருநாள் பக்கத்துக் காட்டிலிருந்து ஓர் அண்டங்காக்கை மூச்சு வாங்கப் பறந்து வந்தது. கொட்டகைக் கூரையில் உட்கார்ந்து எல்லோரையும் கூப்பிட்டது. மான், பன்றி, மயில், கருமந்திக் கூட்டம், முயல்கள் எல்லாம் கூடின.

“எங்க காட்டுலயும் இதே மாதிரி கம்ப்யூட்டர் இருந்துச்சு,” என்றது காக்கை. “பழைய இயங்குதளத்துல ஒரு ஓட்டை இருக்குங்க! கையில ஒரு போன் இருந்தா போதும், வெளியில நின்னுக்கிட்டே உள்ள பூந்துடலாம். நேத்து எடுத்த படத்தை இன்னிக்குக் காட்டச் சொல்லலாம். சங்கை வாயை மூடச் சொல்லலாம். எங்க காட்டுல ஒரு நரி அதைத்தான் செஞ்சுது. இப்போ அங்க ஒரு மான்கூட இல்லை. புதுசுல அந்த ஓட்டையை அடைச்சுட்டாங்க. சீக்கிரமா மாறிடுங்க!”

கூட்டம் அரண்டுபோனது. எல்லோரும் செம்பியைப் பார்த்தார்கள்.

செம்பி தொண்டையைச் செருமினாள். “மாறலாம். ஆனா அரை நாள் ஆகும். அதுவரைக்கும் கேமரா, சங்கு எதுவும் வேலை செய்யாது. எல்லாரும் பாறை மேல ஏறி, தண்ணி குடிக்காம இருக்கணும். இன்னொண்ணு. மேற்குப் பாதைக் கேமரா ரொம்பக் கிழம். புதுசுக்கும் அதுக்கும் ஒத்துவராது. மாத்தினா அந்தக் கண்ணு அவிஞ்சுபோகும்.”

“அதுக்கென்ன? மேற்குப் பாதை மரத்துல யாராவது முறை போட்டு உக்காந்து, செந்நாய் வந்தா கத்துங்க. வேலை முடிஞ்சுது!” என்றது காக்கை.

அவ்வளவுதான். அதுவரை கம்ப்யூட்டரைப் பற்றி வாய் கிழியப் பேசிக்கொண்டிருந்த கூட்டம் கப்சிப் என்று அடங்கிவிட்டது.

“எங்க ஆளுங்களைப் பாக்காதீங்க!” என்றது மந்திகளின் தலைவன் கருமுகன். “அந்தப் பக்கம் தின்னுறதுக்கு ஒரு பழ மரம் உண்டா? மொட்டை வெயில்ல யாருய்யா உக்காருவா?”

“எனக்கு வெயில் ஆகாது. தோகை வெளுத்துடும்!” என்றது மயில்.

“நாங்க மரம் ஏறிப் பாத்திருக்கீங்களா?” என்றன மான்கள்.

அப்போது புல்லி மெதுவாக முன்னால் வந்தாள். “நான் வேணும்னா அந்த மரத்தடியில உக்காந்து பாக்கட்டுமா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. “நீ கத்துனா உனக்கே கேக்காதேம்மா!” என்று கருமுகன் வாலை ஆட்டி ஆட்டிச் சிரித்தான். செம்பியும் சிரித்தாள். புல்லி காதுகளை மடக்கிக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தாள். அவள் ஒருத்திதான் வேலைக்கு வருகிறேன் என்று சொன்னவள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

தடியன் என்ற காட்டுப்பன்றி எழுந்து உடம்பை உதறினான். “நல்லா ஓடிக்கிட்டிருக்கிறதைப் போய் ஏன் நோண்டணும்? நேத்து சங்கு ஊதிச்சா இல்லையா? ஊதிச்சு! அப்புறம் என்ன? ஆபீசரம்மா, நீங்களே சொல்லுங்க!”

செம்பியின் மனதில் ஒன்று உறுத்தியது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. புதியது வந்தால் பொத்தான்கள் எல்லாம் இடம் மாறிவிடும். எது எங்கே என்று அவள் தேட வேண்டும். ஜன்னல் வழியே காடே வேடிக்கை பார்க்கும். “ஆபீசரம்மாவுக்கே தெரியலையாமே!” என்று மயில் ஊர் முழுக்கச் சொல்லும். அந்த அவமானத்துக்குத்தான் அவள் பயந்தாள். செந்நாய்களுக்குக்கூட அவ்வளவு பயப்படவில்லை.

“இப்போதைக்குப் பழசே இருக்கட்டும். பிறகு பாத்துக்கலாம்,” என்றாள்.

“ஆபீசரம்மா சொன்னா சரிதான்!” என்று எல்லோரும் நிம்மதியாகக் கலைந்தார்கள்.

“எங்க காட்டுலயும் இதையேதான் சொன்னாங்க,” என்றது காக்கை. அதற்கு மேல் நிற்காமல் பறந்து போய்விட்டது.

எல்லோரும் கலைந்த பிறகு, கொட்டகைக்குப் பின்னால் இருந்த புதர் லேசாக அசைந்தது. கூழையன் என்ற நரி அதற்குள்ளிருந்து வெளியே வந்தது. இத்தனை நாளும் சங்குச் சத்தத்தால் அதுவும் பட்டினிதான். செந்நாய்கள் தின்றால்தானே அதற்கு மிச்சம் கிடைக்கும்! மலைக்கோயிலுக்குப் போனவர்கள் வழியில் தவறவிட்ட போன் ஒன்றை அது எப்போதோ பொறுக்கி வைத்திருந்தது. எதற்கு உதவும் என்றுதான் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது. இதெல்லாம் செம்பிக்கு வெகு தாமதமாகத்தான் தெரியவந்தது.

அடுத்த நாளிலிருந்து சிவப்புக் கட்டம் அடிக்கடி வர ஆரம்பித்தது. முன்பைவிடப் பெரிதாகவும் வந்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்த மான்குட்டிகள் அதைக் கண்டு அலறின.

“சின்னதுங்க எல்லாம் பயந்து சாகுதுங்க! அந்தச் சனியனை முதல்ல எடுங்க!” என்று தடியன் சத்தம் போட்டான்.

எடுக்க ஒரே வழிதான் உண்டு. அதைத்தான் செய்ய மாட்டார்களே! செம்பி யோசித்தாள். ஒரு தேக்கிலையைக் கொண்டுவந்தாள். அதன் பின்பக்கம் ஆலம்பால் தடவினாள். சிவப்புக் கட்டம் வரும் மூலையில் அழுத்தி ஒட்டிவிட்டாள். கட்டம் வந்தாலும் இனி யார் கண்ணுக்கும் தெரியாது. காடு அவள் மூளையை மெச்சியது.

மறுநாள் காலையில் புல்லி ஜன்னலில் மூக்கை நீட்டினாள். “அந்த இலைக்குப் பின்னால என்னக்கா இருக்கு?”

“ஒண்ணுமில்லடி.”

“காக்கா சொன்னதை நெனச்சா எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே வரலை. உனக்குத்தான் எல்லாம் தெரியும். நீ சொல்லு. குட்டிங்களைக் கூட்டிட்டு வரலாமா?”

செம்பி இலையின் ஓரத்தை விரலால் அழுத்திவிட்டாள். பிறகு சொன்னாள், “தாராளமா வா! நான் இருக்கேன்ல!”

புல்லி நம்பினாள். தினமும் வந்தாள்.

அன்று காலையும் வெயில் பளிச்சென்று இருந்தது. செம்பி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு கொட்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள். திரையில் எல்லாப் பாதைகளும் வெறிச்சென்று கிடந்தன. குளக்கரைப் படத்தில் புல்லி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கடைக்குட்டி சேற்றில் வழுக்கி விழுந்தது, எழுந்தது. செம்பிக்குச் சிரிப்பு வந்தது.

வெளியே ஏதோ வீல் என்று கத்தியது.

செம்பி திரையைப் பார்த்தாள். புல்லி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கடைக்குட்டி சேற்றில் வழுக்கி விழுந்தது, எழுந்தது.

திரும்பவும் கத்தல். மான்குட்டியின் குரல். திரையிலோ ஒரு சலனமும் இல்லை. புல்லி குடித்துக்கொண்டிருந்தாள். கடைக்குட்டி சேற்றில் வழுக்கி விழுந்தது, எழுந்தது. அதே இடத்தில். அதே மாதிரி.

செம்பியின் கையிலிருந்த கொட்டை கீழே விழுந்தது. பாய்ந்து சங்குப் பொத்தானை அழுத்தினாள். சத்தம் வரவில்லை. மறுபடி மறுபடி அழுத்தினாள். வழக்கமாகத் தட்டும் இடத்தில் ஓங்கித் தட்டினாள். சங்கு ஊமையாகவே இருந்தது. ஜன்னலுக்குத் தாவினாள்.

குளத்தைச் சுற்றிச் செந்நாய்கள் நின்றன. எல்லோரும் பயந்த மேற்குப் பாதையில் அவை வரவில்லை. கேமரா நன்றாக வேலை செய்த கிழக்குப் பாதையில், நடுவழியில், ஆற அமர நடந்து வந்திருந்தன. கொஞ்ச தூரத்தில் கூழையன் போனை முன்னங்காலால் அமுக்கிக்கொண்டு, நாக்கைத் தொங்கப்போட்டுக் காத்திருந்தது.

“ஓடு! ஓடுடி புல்லி!” என்று செம்பி தொண்டை கிழியக் கத்தினாள்.

புல்லி நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். சங்கு ஊதவில்லையே, அக்கா ஏன் கத்துகிறாள் என்று ஒரு கணம் குழம்பி நின்றாள். அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது.

வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கரையெல்லாம் ரத்தம். இரண்டு பெண்மான்கள், அவற்றின் குட்டிகள், பன்றிக்குட்டி ஒன்று, புல்லி, புல்லியின் மூன்று குட்டிகள். ஒன்றும் மிஞ்சவில்லை.

தப்பியவர்கள் கொட்டகைக்கு முன்னால் வந்து கூடினார்கள். “பாழாப்போன கம்ப்யூட்டர் நம்ம கழுத்தை அறுத்துடுச்சு!” என்று தடியன் அழுதான். செத்தது அவன் குட்டி.

“கம்ப்யூட்டர் அறுக்கலை மாமா,” என்றாள் செம்பி. “அது தினமும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான்தான் இலை ஒட்டி மறைச்சேன். புல்லி என்கிட்ட கேட்டா. நேருக்கு நேரா கேட்டா. ஒண்ணுமில்லைன்னு சொன்னேன்.”

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கருமுகன் தலையைக் குனிந்துகொண்டு தன் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போனான். மேற்குப் பாதையின் மொட்டை மரத்தில் ஏறி உட்கார்ந்தான். அவனை யாரும் போகச் சொல்லவில்லை. மற்றவர்கள் பாறைமேல் ஏறினார்கள். தாகம் என்று யாரும் வாய் திறக்கவில்லை.

செம்பி ‘இப்போதே’ பொத்தானை அழுத்தினாள். அரை நாளில் வேலை முடிந்தது. பொத்தான்கள் எல்லாம் இடம் மாறித்தான் இருந்தன. அவள் தடவித் தடவித் தேடினாள். மயில் ஜன்னலில் நின்று பார்த்தது. அது சிரிக்கவில்லை.

புதிய திரை அவளை ஒன்று கேட்டது. ‘யாரையெல்லாம் காக்க வேண்டும்? பெயர்களைத் தரவும்.’

செம்பி ஒவ்வொரு பெயராக அடித்தாள். தடியன், கருமுகன், மயில், பாறைமேல் நின்ற மான்கள் என்று அடித்துக்கொண்டே வந்தாள். விரல் தன்னை அறியாமல் ‘புல்லி’ என்று அடித்துவிட்டது. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.

எச்சரிக்கையைக் கேட்டு நடக்காமல் அதை மூடி மறைப்பவர்களிடம் ஆபத்து சொல்லிக்கொள்ளாமல் வரும். அவர்களை நம்பியவர்களைத்தான் அது முதலில் கொண்டுபோகும்.