கூளனுக்கு ஒரு தனி வழி

காட்டோரத்துக் குளத்தங்கரையில் ஒரு பெரிய எலி வளை இருந்தது. அதற்கு வாசல் ஒன்று. உள்ளே போக வழியும் ஒன்று, ஒரே ஒரு எலி நுழையும் அகலத்தில். அந்த வழியில் கொஞ்ச தூரம் போனால் கீழே ஒரு கிளை பிரியும். அது குஞ்சுகள் தூங்கும் பள்ளத்து அறை. நேரே மேலே ஏறினால் மேட்டு அறை. நெற்கதிர் எல்லாம் அங்கேதான் வந்து சேரும்.

கதிர் வந்தால் எலிகள் தின்னும். தின்றால் உமியும் கூளமும் மிஞ்சும். அதை வாயில் கவ்விக்கொண்டு போய் வெளியே கொட்டுவது ஒரு கிழட்டு எலியின் வேலை. கூளம் அள்ளி அள்ளி அவனுக்குக் கூளன் என்றே பெயர் விழுந்துவிட்டது. அம்மா வைத்த பெயர் அவனுக்கே மறந்துபோனது. மற்றபடி அவன் எதையும் மறந்ததில்லை. போன அறுவடையில் தன் வாலை மிதித்துக்கொண்டு போனது யார், விருந்தில் தனக்கு மட்டும் பதரை வைத்தது யார், எல்லாம் அவன் மனசில் பத்திரமாக இருந்தது.

வளைக்குத் தலைவன் மீசையப்பன். ஒருநாள் இரண்டு எலிகள் வழிக்குள் முட்டிக்கொண்டு சண்டை போட்டன. மீசையப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இனிமேல் எந்த வேலையானாலும் வாசல்ல வரிசை! முதல்ல வந்தவன் முதல்ல போகணும். இடத்தைவிட்டு நகர்ந்தவன் கடைசிக்குப் போகணும்!"

எல்லா எலிகளும் தலையாட்டின. கூளன் மட்டும் முன்னால் வந்தான்.

"கதிர் கொண்டுவர்றவனுக்கு வரிசை சரிங்க. நான் உள்ளே இடம் பண்ணிக் கொடுக்கிறவன். என்னையும் அதே வரிசையில நிறுத்தினா எப்படி?"

"நீ என்ன வானத்திலிருந்து குதிச்சவனா?" என்றான் மீசையப்பன்.

குண்டுமணி என்ற தடித்த எலி சிரித்தான். "கூளம் எங்கேயும் ஓடிப்போயிடாது அண்ணே! அதை மெதுவா அள்ளிக்கலாம்!"

வளையே சிரித்தது. கூளன் அந்தச் சிரிப்பையும் மனசில் முடிந்துவைத்துக்கொண்டான்.

அன்றுமுதல் ஒரு வாய் கூளத்தை வெளியே கொட்டினால், அடுத்த வாய்க்கு அவன் மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். முன்பு ஒரு நாளைக்கு நாற்பது நடை போனவன் இப்போது நான்கு நடை போனான். கதிர் மட்டும் நிற்காமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. வரிசையில் நின்ற பதினோரு எலிகளும் நனையாமல் இருக்க வழிக்குள் நுழைந்து, முன்னால் நிற்பவன் வாலில் மூக்கு உரச நெருக்கிக்கொண்டு நின்றன. பன்னிரண்டாவது கூளன். அவனுக்குப் பாதி உடம்புதான் உள்ளே. பின்பாதி மழையில்.

முதலாவதாக நின்ற குண்டுமணி, கை நிறையக் கதிரோடு மேட்டு அறையை எட்டிப் பார்த்தான். கூரை வரைக்கும் கூளம்!

"இங்கே இடமே இல்லையே! கூளண்ணனைக் கூப்பிடு!"

"அவர் கடைசியில நிக்கிறார்" என்றது பின்னால் நின்ற எலி.

"அப்போ அவர் முறை வரட்டும்."

"அவர் முறை வரணும்னா நீ முதல்ல கதிரை இறக்கணும்."

"நான் கதிரை இறக்கணும்னா அவர் முதல்ல கூளத்தை அள்ளணும்."

இருவரும் கொஞ்ச நேரம் யோசித்தார்கள்.

"நீ பின்னால போயேன்!" என்றது இரண்டாவது எலி.

"நானா? விடிஞ்சதிலிருந்து நிக்கிறேன். நகர்ந்தா கடைசிக்குப் போகணும். நீ போ!"

"நான் எதுக்குப் போகணும்?"

பதினோரு எலிகளும் இதையேதான் சொல்லின. ஒன்றும் நகரவில்லை.

வெளியே ஒரு தவளை தத்தித் தத்தி வந்தது. "என்ன அண்ணே, பாதி உள்ளே, பாதி வெளியே?"

"என் முறைக்கு நிக்கிறேன்" என்றான் கூளன்.

"குளம் ஏறிட்டே வருது. நண்டு வளையெல்லாம் முழுகிப்போச்சு. இன்னும் ஒரு சாண் ஏறினா உங்க பள்ளத்து அறைதான்!"

"அதைத் தலைவர்கிட்ட சொல்லு. சட்டம் போட்டவர் அவர்தானே?"

கூளனுக்கு ஒரு வழி தெரியும். மேட்டு அறையின் கூரைக்கு மேலே ஒரு சாண் மண்தான். கரைமேல் ஏறி அங்கே தோண்டினால் நேரே கூளத்தின் மேல் இறங்கலாம். ஆனால் அவன் அசையவில்லை. மீசையப்பன் வாயைத் திறந்து, 'கூளா, நான் செய்தது தப்பு' என்று சொல்லட்டும். அப்புறம் பார்க்கலாம்!

அந்த நேரத்தில் மீசையப்பன் பள்ளத்து அறையில்தான் இருந்தான். செவத்தம்மா என்ற எலி அங்கே ஏழு குஞ்சுகள் போட்டிருந்தாள். பார்க்க வந்தவன், வரிசை வழியை அடைத்துவிட்டதால் உள்ளேயே மாட்டிக்கொண்டான். சுவரிலிருந்து தண்ணீர் கசிந்தது. பிறகு கொட்டியது.

"குஞ்சுகளை மேலே கொண்டுபோகணும்! வழி விடுங்க!" என்று செவத்தம்மா கத்தினாள்.

எங்கே விடுவது? முன்னால் கூளம். பின்னால் மூக்கும் வாலும். நின்ற இடம் சேறாகி, இப்போது பின்னால் நகர நினைத்தவர்களாலும் நகர முடியவில்லை.

மீசையப்பன் கிளை வழியில் நின்ற எலியிடம் அலறினான். "கூளன்கிட்ட சொல்லு! நான் செஞ்சது தப்பு! எப்படியாவது ஒரு வழி பண்ணச் சொல்லு!"

அந்த எலி திரும்பிப் பார்த்தது. "சொல்றேங்க. ஆனா அதுக்கு முன்னால ரெண்டு செய்தி வந்திருக்கு. வந்த வரிசையிலதானே அனுப்பணும்?"

வாசலில் கூளனுக்கு முதல் செய்தி வந்தது. "குண்டுமணிக்குக் கை வலிக்குதாம்."

"வலிக்கட்டும்."

இரண்டாவது செய்தி வந்தது. "நடுவுல யாரோ யார் காலையோ மிதிக்கிறாங்களாம்."

"நல்லா மிதிக்கட்டும்!"

மூன்றாவது செய்திக்காகக் கூளன் காதைத் தீட்டினான். அது வரவில்லை. அதற்குப் பதிலாக, காலடி மண்ணுக்குள்ளிருந்து மெல்லிசாகக் கீச்சுக் கீச்சென்று சத்தம் கேட்டது. செவத்தம்மாவின் குஞ்சுகள். ஏழும் இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. அவன் வாலை மிதிக்க அதுகளுக்கு நேரமே கிடைத்ததில்லை.

"தூ! உருப்படாத பயலுக!" என்று கூளன் வரிசையைவிட்டு உருவிக்கொண்டு கரைமேல் ஓடினான்.

தோண்டினான். புல்வேர் பல்லில் மாட்டியது. கடித்துத் துப்பினான். சேறு கண்ணில் அடித்தது. திட்டிக்கொண்டே தோண்டினான். 'பொத்'தென்று கூரை விட்டது. கூளன் கூளத்தின் மேலேயே விழுந்தான். விழுந்த வேகத்தில் அள்ளி அள்ளி மேலே எறிந்தான். வெளியே நின்ற தவளை கூளத்துக்குள் மூழ்கி மூழ்கி எழுந்தது.

அறை பாதி காலியானதும் குண்டுமணியின் முகம் தெரிந்தது.

"அண்ணே! நீ எப்படி எனக்கு முன்னால உள்ளே வந்தே? இது முறையா?"

"கதிரைப் போட்டுட்டு மேலே ஏறுடா, தடியா!"

குண்டுமணி ஏறினான். அவன் பின்னால் அடுத்தது, அடுத்தது என்று வரிசை நகர்ந்தது. கிளை வழி திறந்தது. செவத்தம்மா ஆறு குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வந்தாள். கடைசியில் மீசையப்பன் வந்தான். தண்ணீர் அவன் மீசையைத் தொட்டுவிட்டிருந்தது. தலைமேல் ஏழாவது குஞ்சு பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

எல்லோரும் மேட்டு அறையில் மூச்சு வாங்கினார்கள். அப்போது வரிசையின் பதினோராவது எலி தொண்டையைச் செருமிக்கொண்டு கூளன் முன்னால் வந்து நின்றது.

"அண்ணே, தலைவர் உங்ககிட்ட சொல்லச் சொன்னார். அவர் செஞ்சது தப்பாம்."

தலைவன் பக்கத்திலேயேதான் நின்றான்! சிரிப்பில் கூரை மண் உதிர்ந்தது.

"எனக்குச் சரியா காது கேட்கல" என்றான் கூளன். "அவரே சொல்லட்டும்."

"நான் செஞ்சது தப்பு, கூளா" என்றான் மீசையப்பன்.

"இன்னொரு தடவை."

"தப்பு, தப்பு!"

"போதும் அண்ணே, குஞ்சுக தூங்கட்டும்" என்றாள் செவத்தம்மா. கூளன் விட்டுவிட்டான். ஆனால் மறக்கவில்லை.

மழை விட்டதும் அந்தத் துளையைச் செம்மைப்படுத்தினார்கள். அது கூளம் அள்ள மட்டும், கூளனுக்கு மட்டும் என்று தலைவன் அறிவித்தான். மூன்றாம் நாள் வாசலில் நீளமான வரிசை. குண்டுமணி கதிரோடு மெல்ல நழுவித் துளைப் பக்கம் வந்தான்.

"சும்மாதானே கிடக்கு அண்ணே? ஒரே ஒரு தடவை இப்படிப் போய்க்கிறேனே?"

"சும்மா கிடக்கிறதுதான்டா அதோட வேலை!" என்று சொல்லி, கூளன் அவன் வாலில் நறுக்கென்று ஒரு கடி கடித்தான்.

இடத்தை ஒழித்துத் தருபவனையும் இடம் கேட்டு வருபவனையும் ஒரே வரிசையில் நிறுத்தினால், கடைசியில் ஒருவனுக்கும் இடம் கிடைக்காது.