வெள்ளெலி திறந்து காட்டிய பின்வழி

குளத்து மேட்டில் சிங்காரி என்ற வெள்ளெலி தன் குட்டிகளோடு இருந்தாள். அவள் வளைக்குள் கோடை மழை புகுந்தாலும் ஈரம் தங்காது. பின்னால் ஒரு வழி தோண்டி, தண்ணீரை வடிய விட்டிருந்தாள். அந்தச் சூட்சுமம் அவளுக்கு மட்டுமே தெரியும்.

அடைமழைக் காலம் வந்துகொண்டிருந்தது. குட்டிகளுக்கு நெல் சேர்த்தாக வேண்டும்.

வேலியில் இருந்த ஓணான் தலையை ஆட்டி ஆட்டி யோசனை சொன்னான். "தங்கச்சி, பக்கத்துல இதே மாதிரி இன்னொரு வளை தோண்டு. வர்றவங்களை மூணு ராத்திரி சும்மா தங்க விடு. சுகம் கண்டுட்டா அப்புறம் நெல்லோட வருவாங்க. பின்வழியை மட்டும் காட்டிடாதே!"

சிங்காரி அப்படியே செய்தாள். பின்வழியை வைக்கோலால் மூடினாள்.

முதலில், நடுக்கோடு பாதியில் அறுந்த ஓர் அணில் வந்தான். மூன்று ராத்திரி குறட்டை விட்டான். விடிந்ததும் ஆளைக் காணோம்! அன்று மாலையே முதுகெல்லாம் சேற்றோடு ஒருவன் வந்து நின்றான்.

"அக்கா, நான் அணிலோட ஒன்றுவிட்ட தம்பி. புதுசா வர்றேன். மூணு ராத்திரி சும்மாதானே?"

"அப்படியா தம்பி? முதுகுல மண்ணா இருக்கு, தட்டி விடறேன் வா!"

தட்டினாள். அதே அறுந்த நடுக்கோடு பளிச்சென்று தெரிந்தது!

தங்கிப் போன மற்றவர்களும் அதே தந்திரத்தில் அண்ணன், தம்பி, மச்சான் என்று வந்தார்கள். வாசலில் காவல் இருக்கவே சிங்காரிக்குப் பொழுது சரியாகப் போயிற்று. நெல் பொறுக்கப் போக முடியவில்லை. குட்டிகள் பசியில் கத்தின.

"போதும்டா சாமி!" என்று வைக்கோலைப் பிடுங்கி எறிந்தாள். "எல்லாரும் உள்ளே வந்து பாருங்க! இப்படித்தான் தோண்டினேன். நீங்களும் தோண்டிக்கங்க!"

"அடிப்பாவி! இனி உனக்கு யாரு நெல் தருவா?" என்று ஓணான் பதறினான்.

அப்போது பின்வழியாக நண்டு ஒருத்தி வெளியே வந்தாள்.

"சிங்காரி, இது குளத்தைப் பார்த்தில்ல திறந்திருக்கு! குளம் ரொம்பினா தண்ணி வடியாது. உள்ளேதான் வரும்!"

சிங்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. குட்டிகள் படுத்திருந்த வளையும் அதே மாதிரிதானே! எல்லாரும் கூடி இரண்டு வளைகளின் பின்வழியையும் அடைத்து, மறுபக்கச் சரிவில் புதிதாகத் திறந்தார்கள்.

அடைமழை கொட்டியது. குளம் தளும்பியது. விடிந்ததும் சிங்காரி குட்டிகளின் படுக்கையைத் தடவிப் பார்த்தாள். காய்ந்த வைக்கோல்! "அப்பாடா!" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மழை விட்டதும் வாசலில் ஒரே கூட்டம். தாமே தோண்டப் போனவர்களுக்குக் கல் தட்டியதாம். "நீயே வந்து தோண்டிக் கொடு!" என்று நெற்கதிரோடு வந்திருந்தார்கள். வரிசையில் அணிலும் நின்றான், முதுகில் மண் இல்லாமல்.

"இப்ப நீ அண்ணனா, தம்பியா?"

"ரெண்டும் நான்தான் அக்கா!" என்று கதிரை நீட்டினான்.

செய்த வேலையை ஒளித்து வைத்தால் அதிலுள்ள குறையும் ஒளிந்தே இருக்கும்; திறந்து காட்டினால் குறையும் தீரும், நம்மைத் தேடி வேலையும் வரும்.