இல்லாத பெண் எடுத்த போட்டோ

"ஓலைக்குட்டத்து ஆளுவள்ட்ட எதையும் ரெண்டு தடவ சொல்ல வேண்டாம்க்கா. ஒரு தடவ சொன்னா போதும், அப்படியே செஞ்சிருவாவ."

பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது இது. பக்கத்துப் பெண் நெற்றியில் அடித்துக்கொண்டு ஏதோ பதில் சொன்னாள். அந்த நேரம் பார்த்து டிரைவர் ஹார்னை அழுத்தியதில், பின் சீட்டில் இருந்த செண்பகாவின் காதில் பதில் விழவில்லை. விழுந்திருந்தால் அவள் ஓலைக்குட்டத்தில் இறங்கியிருக்க மாட்டாள்.

செண்பகா கல்லூரியில் புகைப்படக்கலை படிப்பவள். நன்றாகவே எடுப்பாள். வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள், கொடியில் காயும் சட்டைகள், ஆளில்லாத பெஞ்சு என்று அவள் எடுத்த படங்களைப் பார்த்தால், அந்த மனிதர்கள் இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார்கள் என்று தோன்றும். மனிதர்களை மட்டும் எடுக்க மாட்டாள். எடுக்க வேண்டுமென்றால் அவர்களிடம் பேச வேண்டும். பேசினால் அவர்கள் அவளைப் பார்ப்பார்கள். யாராவது பார்த்தால் செண்பகாவுக்குக் கை, கால், கழுத்து எதை எங்கே வைப்பதென்றே தெரியாது.

கடைசி வருட ப்ராஜெக்டைப் பார்த்துவிட்டுத் துறைத் தலைவி கேட்டார்: "ஏம்மா, உங்க பக்கம் மனுஷங்களே கெடையாதா? திங்கக்கிழமைதான் கடைசி. ஒரே ஒரு படம் போதும். ஆனா அதுல இருக்கவங்க என் கண்ண நேராப் பாக்கணும். இல்லேன்னா அடுத்த வருஷம் திரும்ப வந்து சேந்துக்கோ."

அடுத்த வருஷம் திரும்ப வந்து சேர்வதென்றால் புதிய மாணவர்கள் எல்லாரிடமும் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். அதற்குப் பயந்துதான் செண்பகா அந்த ஞாயிற்றுக்கிழமை எங்காவது ஒரு கிராமத்துக்குப் போவதென்று பஸ் ஏறியிருந்தாள். ஒரே தடவை சொன்னால் போதும் என்கிற ஊர்! அவளுக்கென்றே கட்டி வைத்ததுபோல் இருந்தது.

ஓலைக்குட்டத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். பஸ் நிறுத்தத்தில் ஒரு தெருவிளக்கு உண்டு. ரொம்ப நாளைக்கு முன்னால் அதை மாட்டிய மின்வாரிய ஆள், "நான் வார வரைக்கும் சுவிட்ச யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் மாற்றலாகிவிட்டார். அன்றிலிருந்து விளக்கு ராப்பகலாக எரிகிறது. உச்சி வெயிலில் அந்த வழியாகப் போகிற ஊர்க்காரர்கள், கரண்டு வீணாகிறதே என்ற வருத்தத்தில், கொஞ்ச நேரம் அதன் அடியில் நின்றுவிட்டுப் போவார்கள்.

போட்டோ எடுக்க ஒரு பிள்ளை வந்திருக்கிறது என்றதும் ஊரே திரண்டுவிட்டது. ஊர்த் தலைவர் வெயிலுமுத்து ஒரு சேர் கொண்டுவந்து போட்டு, தோள் துண்டால் தூசி தட்டி, "இரி தாயி" என்று உட்காரவைத்தார். பிறகு எல்லாரும் அவள் முன்னால் வரிசை கட்டி நின்று, மூச்சை உள்ளே இழுத்து, ரேஷன் கார்டுக்குப் படம் பிடிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

அத்தனை கண்ணும் செண்பகாவின் மேல். அந்த நிமிடம் கேமராவைத் தூக்கிப் பொத்தானை ஒரு தட்டு தட்டியிருந்தால் வந்த வேலை முடிந்தது. ஆனால் படிப்பும் கூச்சமும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. படம் இயல்பாக இருக்க வேண்டாமா? மடியைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்:

"இப்படி நிக்க வேண்டாம். நான் இங்க இல்லன்னு நெனச்சுக்கிடுங்க. உங்க வேலைய நீங்க பாருங்க."

கூட்டம் மூச்சை விட்டது.

"பிள்ள சொன்னது எல்லாருக்கும் வெளங்குச்சா?" என்று கேட்டார் வெயிலுமுத்து.

ஊரில் யோசிக்கிற வேலையைப் பார்ப்பவன் உச்சிமாகாளி. அவன் முன்னால் வந்தான். "வெளங்குச்சு. பிள்ள இங்க இல்ல."

"எப்பம் போச்சு?"

"இப்பந்தான்."

"சொல்லிட்டுப் போயிருக்கு பாருங்க. நல்ல வளப்பு" என்றாள் வெயிலுமுத்துவின் மனைவி பூலம்மாள்.

"அப்பம் சேரு எதுக்கு வெயில்ல கெடக்கு?" என்று உச்சிமாகாளி சேரை உருவிக்கொண்டு போனான். செண்பகா தரையில் இருந்தாள்.

முதலில் அவளுக்கு இது சொர்க்கமாக இருந்தது. யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாவு இடிக்கிற இடத்தில், ஆடு கட்டுகிற இடத்தில், சீட்டாடுகிற இடத்தில் எங்கே வேண்டுமானாலும் நுழைந்து எடுத்தாள். ஒரு வீட்டில் அடுப்பங்கரை வரைக்கும் போய், சண்டை போட்டுக்கொண்டிருந்த மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் நின்றே எடுத்தாள். மருமகள் எறிந்த அகப்பை அவள் காதோரமாகப் போனது.

சின்னச் சின்ன இடைஞ்சல்களும் இருந்தன. கேமரா முக்காலியை நாட்டியதுமே அதில் யாரோ ஈரத் துண்டைக் காயப்போட்டார்கள். பூலம்மாள் சேலையின் ஒரு முனையை வேப்பமரத்தில் கட்டிவிட்டு, மறுமுனையைக் கட்ட இடம் தேடி, செண்பகாவின் கழுத்தில் முடிந்துவிட்டுப் போனாள். சேலை காய்கிற வரைக்கும் நகர முடியவில்லை. நல்ல வேளை, சுங்குடி, சீக்கிரம் காய்ந்தது.

நிற்கிற நேரத்தில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். முதுகு, பிடரி, குனிந்த உச்சி, பக்கவாட்டு மூக்கு. ஒரு கண்கூட நேராகப் பார்க்கவில்லை. துறைத் தலைவியின் முகம் நினைவுக்கு வந்தது. சேலையை எடுக்க வந்த பூலம்மாளிடம் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு சொன்னாள்:

"அக்கா, ஒரே ஒரு தடவ இங்க பாருங்க."

பூலம்மாள் நின்று, காதைச் சாய்த்தாள். "ஏட்டி, யாரோ கூப்பிடுத மாதிரி இல்ல?"

"காலைல வந்த பிள்ள சத்தம் மாதிரிலா இருக்கு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"அந்தப் பிள்ளதான் இல்லியே."

"ஆமா, பாவம். இருந்தா மத்தியானம் ஒரு வாய் சாப்பிட்டிருக்கும். அயிர மீன் கொழம்பு வேற."

அயிரை மீன் குழம்பின் மணம் செண்பகாவின் மூக்கில் ஏறியது. வேப்பமரத்தடியில் ஊர் மொத்தமும் சாப்பிட உட்கார்ந்திருந்த பந்தியில் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு இடப் பக்கம் ஒரு இலை போட்டார்கள், வலப் பக்கம் ஒரு இலை போட்டார்கள். பசி வந்தால் கூச்சம் கொஞ்சம் விலகும் போலிருக்கிறது. எழுந்து நின்று, அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகப் பேசினாள்:

"நான் காலைல சொன்னத விட்டுருங்க! நான் இங்கதான் இருக்கேன்!"

சாப்பிடுகிற கைகள் எல்லாம் நின்றன. ஊர்க்கூட்டம் இலையின் முன்னாலேயே கூடியது.

"இருக்கேன்னு ஒரு சத்தம் கேக்கு. என்ன செய்யணும்?" என்றார் வெயிலுமுத்து.

உச்சிமாகாளி ரசத்தை உறிஞ்சிவிட்டு யோசித்தான். "இருக்கேன்னு சொல்லுதது யாரு? இல்லாத ஆளு. இல்லாத ஆளு பேச்சக் கேட்டுக்கிட்டு, வந்த பிள்ள சொல்லிட்டுப் போனத நாம மீறலாமா? நாளைக்கு அந்தப் பிள்ள வந்து, 'ஒரு சொல்லு சொன்னேன், அதக்கூடக் காப்பாத்த முடியலையா'ன்னு கேட்டா மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைப்பிய?"

"மீறக்கூடாது" என்றது ஊர்.

"மோர் ஊத்துங்க" என்றார் வெயிலுமுத்து.

அந்தச் சமயத்தில்தான் மத்தியான பஸ்ஸில் சொரிமுத்து வந்து இறங்கினான். டீக்கடைக்காரன். சீனி வாங்க விடியற்காலையிலேயே டவுனுக்குப் போனவன். காலையில் செண்பகா சொன்னதைக் கேட்காத ஒரே ஆள் ஊரில் அவன்தான்.

"யாரும்மா நீ? முகமெல்லாம் வாடிப்போய்க் கெடக்கு?" என்றான்.

செண்பகாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "அண்ணே, நான் தெரியுதேனா?"

"ஏன் தெரியாம? எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"அப்படியே நில்லுங்கண்ணே. இந்தக் கேமராவப் பாருங்க. அவ்வளவுதான்."

சொரிமுத்து சீனி மூட்டையை இறக்கிவைத்து, தலையைக் கோதி, நிமிர்ந்தான். செண்பகா கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

"ஏ, சொரிமுத்து காத்துகூடப் பேசுதான்வே!"

ஊரே எழுந்து ஓடிவந்தது. நாலு பேர் அவனைப் பிடித்து உட்காரவைத்தார்கள். ஒருத்தர் வேப்பிலையால் அடித்தார். பூலம்மாள் குடத்தோடு தண்ணீரைத் தலையில் கவிழ்த்தாள். "டவுன்ல புளியமரத்தடியில நின்னியால? சொல்லுல!" என்று அதட்டினார் வெயிலுமுத்து.

"ஐயோ, பொண்ணு ஒண்ணு நிக்கி, அதுகூடத்தான் பேசுனேன்!"

"எங்க நிக்கி?"

"இந்தா, ஒம்ம பக்கத்துலதான்."

வெயிலுமுத்து பக்கத்தில் திரும்பினார். செண்பகாவின் மூக்கு அவர் மூக்கை இடிக்காத குறை. அவளைத் தாண்டி வைக்கோல் போரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒண்ணும் இல்லடே."

சொரிமுத்து ஈரத் தலையோடு செண்பகாவையே கேட்டான். "எம்மா, நீ இருக்கியா இல்லியா?"

"இருக்கேண்ணே."

"இருக்குதாம்" என்றான் சொரிமுத்து.

உச்சிமாகாளி அவனைத் தனியாகக் கூட்டிப்போய்க் காலையில் நடந்ததையெல்லாம் எடுத்துச் சொன்னான். சொரிமுத்துவின் முகம் தெளிந்தது. "அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான! எதுக்குவே தண்ணிய ஊத்துனிய?" என்று சீனி மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தான். போகிற போக்கில் மூட்டை செண்பகாவின் தோளில் நன்றாக இடித்தது. திரும்பிப் பார்க்கவில்லை. இல்லாத ஆளிடம் என்னவென்று மன்னிப்புக் கேட்பது?

சாயங்காலம் ஆகிவிட்டது. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். செண்பகா கோவில் முன்னால் இருந்த கல்லில் உட்கார்ந்து அழுதாள். அடுத்த வருஷத்துப் புது முகங்கள் எல்லாம் வரிசையாக வந்து, "உங்க பேர் என்ன?" என்று கேட்பது போலிருந்தது.

பூலம்மாள் விளக்குப் போட வந்தவள் நின்றாள். "என்னங்க, இங்க யாரோ அழுதாவ."

"யாரு?" என்றார் பின்னால் வந்த வெயிலுமுத்து.

"யாரும் இல்ல. ஆனா அழுக கேக்கு."

திரும்பவும் ஊர் கூடியது. இந்தத் தடவை எல்லாருடைய முகத்திலும் கவலை.

"காலைல அந்தப் பிள்ள எவ்வளவு ஆசையா வந்துச்சு" என்றாள் பூலம்மாள். "ஒரு படம்கூட எடுக்கல. சேர்ல உக்காந்துச்சு, ஒரு வார்த்த சொல்லுச்சு, போயிருச்சு."

உச்சிமாகாளி கண்ணை மூடிக்கொண்டான். "இப்படிப் பாருங்க. பிள்ள இங்க இல்ல. இங்க இல்லேன்னா வெளியில எங்கயோ இருக்கு. வெளியில இருந்தா திரும்பி வரணும். வரணும்னா பஸ்லதான் வரணும்."

"கடைசி பஸ்ஸு வார நேரம்லா!" என்று குதித்தார் வெயிலுமுத்து.

ஊர் பறந்தது. முகம் கழுவியவர்கள், தலை சீவியவர்கள், பூ வைத்தவர்கள் எல்லாரும் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார்கள். பூலம்மாள் கையில் ஒரு தூக்குச்சட்டி. பிள்ளை வந்தால் கொடுக்க அயிரை மீன் குழம்பும் சோறும். எரிந்துகொண்டே இருக்கும் அந்த விளக்கின் அடியில் வரிசை கட்டி நின்று, பஸ் வருகிற ரோட்டையே பார்த்தார்கள். சிலர் எட்டிப் பார்த்தார்கள். சிலர் கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தார்கள். காலையில் பிடித்த மூச்சு இல்லை, ரேஷன் கார்டு முகம் இல்லை. வர வேண்டிய ஒருத்தி இன்னும் வரவில்லையே என்று மட்டும் அந்தக் கண்களில் இருந்தது.

பின்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்த செண்பகா அதைப் பார்த்தாள். பையைக் கீழே போட்டாள். வரிசையைச் சுற்றி ஓடி, நடு ரோட்டில் போய் நின்று, திரும்பி, கேமராவைத் தூக்கினாள்.

அத்தனை கண்ணும் நேராக அவள் லென்ஸுக்குள் வந்து விழுந்தன. தட்டினாள். இன்னொரு தடவை தட்டினாள். பின்னாலிருந்து பஸ் ஹார்ன் அடிக்கிற வரைக்கும் தட்டினாள்.

பையை எடுத்துக்கொண்டு பின் படியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வெளியே ஊர்க்காரர்கள் ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்தார்கள். பூலம்மாள் தூக்குச்சட்டியை மாரோடு அணைத்துக்கொண்டு கண்டக்டரிடம் கேட்டாள்: "ஒரு பிள்ள வந்துச்சா தம்பி? ஒல்லியா, கூச்சப்படுத பிள்ள?"

செண்பகாவால் உட்கார முடியவில்லை. எழுந்து முன் படி வழியாக இறங்கினாள்.

"வந்துட்டா! பிள்ள வந்துட்டா!"

அப்படி ஒரு ஆரவாரம் அந்த ஊர் கேட்டதில்லை. வெயிலுமுத்து துண்டை இடுப்பில் கட்டினார். சொரிமுத்து விசில் அடித்தான். "ஏன் தாயி இவ்வளவு நேரம்? காலைல இருந்து தேடுதோம்" என்று பூலம்மாள் அவள் கன்னத்தைத் தடவினாள். பஸ் போய்விட்டது. அதுதான் கடைசி பஸ் என்பது செண்பகாவுக்கு அப்போது நினைவில்லை.

"படம் எடுக்கணுமே, இருட்டிட்டே" என்றார் வெயிலுமுத்து.

"எடுத்தாச்சு மாமா" என்று செண்பகா சிரித்துக்கொண்டே கேமராவைத் திருப்பிக் காட்டினாள்.

ஊரே அந்தச் சின்னத் திரைக்குள் தலையை விட்டது.

"நான் இருக்கேன். பூலம் இருக்கா."

"உச்சிமாகாளி யோசிக்கான் பாரு."

"சொரிமுத்து தலை இன்னும் ஈரமா இருக்கு."

எல்லாரையும் எண்ணிப் பார்த்துவிட்டு வெயிலுமுத்து தலையை நிமிர்த்தினார். "எல்லாரும் இருக்கோம். நீ எங்க தாயி?"

"எடுத்தது நான்தான மாமா? அதனால நான் இதுல இல்ல."

எல்லாரும் உச்சிமாகாளியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் காலைல இருந்து என்ன சொல்லுதேன்?" என்றான் உச்சிமாகாளி.

வெயிலுமுத்து பெருமூச்சு விட்டார். "போட்டோவே சொல்லிருச்சு. பிள்ள இன்னும் வரல."

பூலம்மாள் நீட்டிய தூக்குச்சட்டியைத் திரும்ப மாரோடு அணைத்துக்கொண்டாள். எல்லாரும் விளக்கடியில் பழையபடி வரிசை கட்டி, ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

செண்பகா கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். பிறகு வரிசையின் கடைசியில், சொரிமுத்துவுக்குப் பக்கத்தில் போய் நின்று, கண்ணுக்கு மேலே கையை வைத்து, அவளும் ரோட்டைப் பார்த்தாள்.