எமரன்சி டீச்சரின் பென்சில் சிலுவை

நீர்வண்ண ஓவியத்தில் வெள்ளை என்பது ஒரு வண்ணம் என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள். இந்தப் பிழை இவ்வளவு காலம் திருத்தப்படாமல் கிடப்பது பெரிதும் வருந்தத்தக்கது. வண்ணப் பெட்டியில் வெள்ளைக் குழாய் ஒன்று இருக்கும் என்பது உண்மையே. தன்மானமுள்ள ஓவியர் அதைத் திறப்பதில்லை. நீர்வண்ணத்தில் வெள்ளை பூசப்படுவதில்லை, விடப்படுகிறது. அலையின் நுரை, வேட்டி, கொக்கு எல்லாமே தூரிகை தொடாமல் விட்ட காகிதம்தான். கடைசியில் கேள்வி வரும்போது இதை நினைவில் வைத்திருப்பவருக்குச் சிறு சலுகை உண்டு.

எமரன்சி டீச்சர் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக இருந்தார். அவருடைய படங்களிலும் ஆட்கள் இருப்பதில்லை. ஏலம் முடிந்த மீன் கொட்டகை, பூசை முடிந்த மாதா கோயில், படகு போன பிறகான மணல். கோயில் பாடல்குழுவை நடத்தும் பிலோமி ஒருமுறை வந்து பார்த்தார்.

"படம் நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஓரத்துல ஒரு மாதா நின்னா இன்னும் நல்லா இருக்கும்."

"மாதா வேலைக்குப் போயிருக்காவ. சாயங்காலம்தான் வருவாவ."

பிலோமி சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து போனார். பிறகு படம் பார்க்க யாரும் வரவில்லை.

மதுரையில் ஆண்டுதோறும் நடந்த, நடுவர்கள் படம் தேர்ந்தெடுக்கும் கண்காட்சிக்கு டீச்சர் ஒன்பது முறை படம் கொடுத்திருந்தார். ஒன்பதும் திரும்பின. ஒருமுறை மட்டும் நடுவர் குறிப்பு இருந்தது: "கோயில் வாடை அதிகம்." ஊரில் சாமி போதவில்லை, மதுரையில் சாமி கூடுதல். இரண்டுக்கும் நடுவே ஓடிய பேருந்தில் மட்டும் அவர்மேல் புகார் எதுவும் இல்லை. ஒருமுறையாவது தன் படம் ஒரு சுவரில் தொங்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது.

கண்காட்சியின் விதிகள் இரண்டு. படத்தின் முகப்பில் பெயரோ, வரைந்தவரை அடையாளம் காட்டும் குறியோ கூடாது. பிறர் கை பட்ட படம் போட்டியில் நிற்காது.

பத்தாவது படத்தில் காலியான ஏலக் கொட்டகை, ஒற்றை பிளாஸ்டிக் நாற்காலி, அதற்கு மேலே முக்கால் தாள் அளவுக்குச் சாம்பல் நீல வானம். டீச்சருக்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையார் சுழி போடுகிறவர்களைப் போல, புதுத் தாளின் உச்சியில் பென்சிலால் சிறு சிலுவை போட்டுத்தான் தொடங்குவார். மற்ற ஆண்டுகளில் அது அட்டைச் சட்டத்துக்குள் மறைந்துவிடும். இந்த முறை வானம் தாராளமாக வேண்டியிருந்தது. ஓரத்தை மறைக்க மனம் வரவில்லை. உற்றுப் பார்த்தால் நீலத்துக்கு அடியில் சிலுவை தெரிந்தது.

பதிவு மேசையில் இருந்த தங்கமுத்து உற்றுப் பார்த்தார். ஒன்பது படங்களையும் டீச்சர் கையில் திருப்பிக் கொடுத்தவர் அவர்தான்.

"டீச்சர், மேலே சிலுவை தெரியுதே. குறின்னு சொல்லிக் கழிச்சிருவாங்க. ரப்பர் தரட்டுமா?"

"கலர் ஏறின பிறகு பென்சில் போகாது."

"பிளேடால லேசா சுரண்டிட்டா?"

"தொடாதீங்க தங்கமுத்து. கழிச்சா கழிக்கட்டும். திரும்ப வாங்கிட்டுப் போறது எனக்கு என்ன புதுசா?"

"எனக்குத்தான் டீச்சர் திருப்பிக் கொடுக்க முடியல" என்றார் தங்கமுத்து. அதற்குள் டீச்சர் பேருந்துக்கு விரைந்துவிட்டார்.

உறை பிரிக்கும் பிளேடை எடுத்து, கோட்டை மட்டும், மயிரிழை பிசகாமல் சுரண்டினார் தங்கமுத்து. அன்பு இருந்தது, நீர்வண்ணம் தெரியவில்லை. பென்சில் போயிற்று. மேலே இருந்த நீலமும் கூடவே போயிற்று. அடியில் இருந்த காகிதம் வெளியே வந்தது. மங்கிக் கிடந்த சிலுவை வானத்தில் பளிச்சென்று நின்றது.

தலைமை நடுவர் வைதேகி அந்தப் படத்தின் முன் நெடுநேரம் நின்றார்.

"இது குறி இல்லையா மேடம்?" என்றார் இன்னொரு நடுவர்.

"குறியை ஒளிச்சு வைப்பாங்க சார். இங்க படமே இதுதான். இதை எடுத்துட்டா வெறும் நாற்காலி."

முதல் பரிசு.

டீச்சர் பட்டுச்சேலை கட்டி, தனியாக வந்தார். பிலோமியை அழைத்திருந்தார், பிலோமிக்குத் திருவிழாப் பாட்டு ஒத்திகை. டீச்சர் படத்தைப் பார்த்தார். பிறகு தங்கமுத்துவைப் பார்த்தார். தங்கமுத்து பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். உண்மையைச் சொன்னால் படம் சுவரிலிருந்து இறங்கும். தங்கமுத்து வேலையிலிருந்து இறங்குவார்.

மேடையில் வைதேகி கேட்டார்: "அந்த வெள்ளைச் சிலுவை உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

"அதை நான் செய்யல" என்றார் டீச்சர்.

பின்வரிசையில் யாரோ "அல்லேலூயா" என்றார். கைத்தட்டல் எழுந்தது. டீச்சர் வாயைத் திறந்தார், மூடினார், கேடயத்தை வாங்கிக்கொண்டு இறங்கினார்.

சொன்ன சொல்லை மீறிச் சுரண்டினார் தங்கமுத்து. கண்ணில் பட்டதற்குப் பரிசு கொடுத்தார் வைதேகி. உண்மையைச் சொல்லி, அது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் நிறுத்திக்கொண்டார் டீச்சர். வாசகரே, இந்த மூவரில் யார் செய்தது சரி?

என் விடை: டீச்சர். வைதேகியின் தீர்ப்பு சரிதான், ஆனால் ஒன்றும் தெரியாததால் சரியானது. அதற்கு மதிப்பெண் கிடையாது. தங்கமுத்து செய்தது தவறு. தொடாதீங்க என்று தெளிவாகச் சொல்லப்பட்டது. ஆனால் முதல் பத்தியை மறக்காதவர்களுக்குத் தெரியும்: அந்த வெள்ளை அவர் போட்டதல்ல. காகிதம் டீச்சருடையது, கோடும் டீச்சருடையது. எனவே பரிசு திருட்டுச் சொத்து ஆகாது. மிச்சமிருந்த ஒரு வாக்கியம் டீச்சரின் மனச்சுமையை இறக்கி இன்னொருவர் சோற்றில் மண்ணைப் போட்டிருக்கும். அதை அவர் விழுங்கினார். சரியாக நடப்பவருக்கு நிம்மதி கிடைக்கும் என்பதும் ஒரு பரவலான தவறான நம்பிக்கை. அதைத் திருத்த இங்கே இடமில்லை.

அடுத்த ஆண்டு கண்காட்சிக்கு வந்த படங்களில் நான்கில் வானத்தில் வெள்ளைச் சிலுவை இருந்தது. டீச்சர் தன்னுடையதைப் பென்சிலால் தாளின் பின்பக்கம் போட்டிருந்தார். அவருடைய படம் திரும்பி வந்தது.