மூன்று வாசலும் ஒரு தெளிந்த கல்லும்

சொல்லட்டுமா? மலைநாட்டில் உப்புக்கு ஏக மவுசு இருந்த காலம் அது. அப்போது ஆதன் என்று ஓர் உப்பு வணிகன் இருந்தான். நல்லவன்தான், ஆனால் அவசரக்குடுக்கை.

மலைக்குப் போனவன் வண்டி உப்பு முழுவதையும் கொடுத்து ஒரு மூட்டைக் கல் வாங்கி வந்தான். தண்ணீர் போலத் தெளிந்த கல். என்ன கல் என்று கேட்க மறந்துவிட்டான். கேட்டிருந்தால் எனக்குக் கதையே இல்லை!

வழியில் ஒரு நகரம். அதற்கு மூன்று வாசல். உள்ளே போகும் வணிகன் தன் சரக்கின் பெயரை உரக்கக் கூவ வேண்டும். தவறாகக் கூவினால் திருப்பி அனுப்புவார்கள். மூன்றாம் முறையும் தவறினால் நாக்கில் சூடு. நாக்கு போனால் வணிகனுக்கு வேறென்ன மிச்சம்?

கிழக்கு வாசலில் ஆசை முந்திக்கொண்டது. "வைரம்!" என்று கூவினான். காவலன் தன் வைர மோதிரத்தால் கல்லைக் கீறினான். கோடு விழுந்தது.

"வைரமாம் வைரம்! போய்யா."

வடக்கு வாசலில் பயம் முந்திக்கொண்டது. "வெறும் கண்ணாடி!" என்று கூவினான். காவல்காரி கல்லைத் தன் கண்ணாடி வளையலில் இழுத்தாள். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, வளையலில்தான் கோடு விழுந்தது.

"என் வளையலைக் கெடுத்துட்டு கண்ணாடிங்கிறியா? போய்யா!"

இன்னது இல்லை என்று சொல்ல எல்லோரும் இருந்தார்கள். இன்னது என்று சொல்லத்தான் ஆளில்லை. ஆதன் கல்லை விற்காமல் திரும்பிப் போகலாமென்றால் வீட்டில் பிள்ளைகள் பசியோடு இருக்கும். பாவம், என்னதான் செய்வான்?

மேற்கு வாசலில் நாக்கில் சூடு போடும் கம்பி நெருப்பில் காய்ந்துகொண்டிருந்தது. "கூவுய்யா!" என்றான் தலைமைக் காவலன்.

ஆதன் வாயைத் திறந்தான். உப்பு விற்றவனின் பழக்கதோஷம், கல்லை நக்கிப் பார்த்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"பேர் தெரியலீங்க. வைரம் இதைக் கீறுது. இது கண்ணாடியைக் கீறுது. நாக்குல கரிக்கல, கரையல. உள்ளங்கையில சில்லுனு இருக்கு. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதாங்க."

இப்போது குழம்பியது காவலன். ஆதன் சொன்னதில் பொய் இல்லை. பெயரும் இல்லை. இதற்கு என்ன தண்டனை? யோசித்து யோசித்துப் பார்த்ததில் கம்பியே ஆறிவிட்டது.

"அட, நீ சொன்ன இதுக்குத்தான்யா படிகப் பளிங்குன்னு பேரு!" என்றான் கடைசியில். "எனக்குப் பேர் தெரியும், உனக்குக் கல்லைத் தெரிஞ்சிருக்கு. உள்ளே போ."

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: ஆசையும் பயமும் வைக்கும் பெயரை நம்பாமல், சோதித்து அறிந்ததை அறிந்த அளவுக்கே சொல்பவன் பொய்யன் ஆவதில்லை.