இரண்டாம் போர்டின் சத்தம்

டொங்.

காய் குழியில் விழுகிற சத்தம்.

பிலோமினா மாஸ்டர் பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். ஆறு கேரம் போர்டுகளும் துணி போர்த்திக் கிடந்தன. ஆடுகிறவர் ஒருத்தரும் இல்லை.

மறுபடியும் டொங்.

மற்ற போர்டுகளில் காய் விழுந்தால் டொக் என்றுதான் கேட்கும். இரண்டாம் போர்டுக்கு மட்டும் சட்டத்தில் ஒரு விரிசல். அதனால் டொங். எப்போதோ ஒரு போட்டியில் தோற்றுவிட்டு வந்து மாஸ்டரே முஷ்டியால் குத்தியதில் விழுந்த விரிசல் அது. மன்றத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அந்தக் கேரம் மன்றம் வியாசர்பாடியில், மாவு மில்லுக்கு மேல் மாடியில் இருக்கிறது. சனிக்கிழமை மத்தியானம். ஜன்னலோரம் எத்திராஜ் உட்கார்ந்து பவுடர் சலித்துக்கொண்டிருக்க வேண்டிய நேரம். டப்பா திறந்திருந்தது, சலிக்கும் துணி மடியில் இருந்தது, கையில் மட்டும் ஃபோன்.

"இன்னாண்ணா அது?"

"கேம் மாஸ்டர். எங்க கம்பெனி கேம். அடுத்த வாரம் வெளிய வருது."

"நம்ம ரெண்டாம் போர்டு சத்தம் மாதிரி கீது?"

எத்திராஜ் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "அதேதான் மாஸ்டர். போன மாசம் வந்தப்ப ரெக்கார்டு பண்ணிக்கினு போனேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"சத்தம்தானே மாஸ்டர்."

மாஸ்டர் ஜன்னலருகே வந்தார்.

எத்திராஜுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மாஸ்டருக்கு முப்பத்தைந்துகூட இருக்காது. வேலை பார்த்த அச்சகத்தை மூடிய பிறகு, பகல் பொழுதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் இந்த மாடிப்படி ஏறி வந்தவர் எத்திராஜ். முதல் நாள் ஸ்டிரைக்கரைத் தொடக்கூட மாஸ்டர் விடவில்லை. பவுடர் சலிக்கச் சொன்னார். ஒரு சின்னக் கட்டி இருந்தாலும் காய் தடம் மாறிவிடும். அன்றிலிருந்து சலிப்பது எத்திராஜின் வேலை. கேம் கம்பெனியில் வேலை கிடைத்த பிறகும் சனிக்கிழமை மத்தியானம் வந்துவிடுவார். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கும். இங்கே வந்தாலும் கழற்றுவதில்லை.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"இந்த கேமை ஒருத்தன் காசு குடுத்து வாங்கலாமா?"

"செஞ்சவரு நீங்க. எங்கிட்ட கேக்குறீங்க?"

"நான் எங்க செஞ்சேன்? காய் எப்படி ஓடும், எங்க முட்டினா எப்படித் திரும்பும், அதச் சொன்னேன். அவ்ளோதான். திங்கக்கிழமை கேமரா முன்னால நிக்க வச்சு ஒரு வார்த்தை சொல்லச் சொல்றாங்க. 'நான் கேரம் ஆடுறவன், சொல்றேன், கொடுக்குற காசுக்கு மேலயே பெறும்'னு. சொல்லிட்டா வேலை நிரந்தரம்."

"சொல்லலன்னா?"

எத்திராஜ் அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஆடாம நான் எப்படிச் சொல்றது? குடுங்க இப்படி."

மாஸ்டர் ஃபோனை வாங்கி, இரண்டாம் போர்டின் துணியை விலக்கி அதன் மேல் வைத்தார். கை தானாகவே டப்பாவுக்குப் போயிற்று. விரலைப் பவுடரில் தொட்டு எடுத்து, ஃபோன் கண்ணாடி மேல் ஒரு சிட்டிகை தூவினார்.

"மாஸ்டர்! ஃபோனுக்கு எதுக்கு பவுடர்?"

"வழுக்க வேணாமா?"

சொல்லிக்கொண்டே விரலைச் சுண்டினார். ஃபோன் சர்ரென்று சறுக்கிக்கொண்டு போய்ப் போர்டின் விளிம்பைத் தாண்டியது. எத்திராஜ் வயிற்றை நீட்டி அதைப் பிடித்தார்.

"பரவால்ல. இந்த வயித்துக்கும் ஒரு வேலை கீது" என்றார் மாஸ்டர்.

"இழுத்து விடணும் மாஸ்டர். சுண்டக்கூடாது."

"சுண்டாம ஒரு கேரமா?"

ஆனாலும் பழகிக்கொண்டார். நாலைந்து அடிக்குப் பிறகு அவர் முகம் இளகியது. ஓரத்தில் ஒட்டிக் கிடந்த காயை மெல்லச் சீவி எடுத்தார். அது போக வேண்டிய குழிக்குப் போயிற்று.

"நல்லா ஓடுதுண்ணா. சீவினா சரியாத் திரும்புது. நெசமாவே நல்லா ஓடுது."

அச்சகத்தில் இருபது வருஷமாக யாரும் எத்திராஜிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"இப்ப நிஜ ஆளோட ஆடிப் பாருங்க மாஸ்டர். சோதனைக்கு கொஞ்ச பேருக்கு விட்டிருக்காங்க, வெளியூர்ல இருந்து யாராச்சும் வருவாங்க."

யாரோ வந்தார். பேரில்லை, ஒரு புலி படம் மட்டும். புலி குறி வைக்கும்போதெல்லாம் ஸ்டிரைக்கரிலிருந்து காய்க்கும், காயிலிருந்து குழிக்கும் ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. கோடு போன வழியிலேயே காயும் போயிற்று.

"எனக்கு ஏன் கோடு வரல?"

"அவரு வாங்கியிருக்காரு மாஸ்டர்."

"கண்ணையா?"

புலி சிவப்புக் காயைப் போட்டது. அடுத்த அடி தவறியது. மாஸ்டர் காத்திருந்தார். சிவப்பு திரும்பி வரவில்லை.

சிவப்பைப் போட்டவர் கையோடு தன் காய் ஒன்றையும் போட்டாக வேண்டும். அதற்குப் பேர் ஃபாலோ. போடத் தவறினால் சிவப்பு மறுபடி நடுவுக்கு வந்துவிடும். இந்த மன்றத்தில் சிவப்பைப் போட்டதும் துள்ளிக் குதித்தவர்கள் உண்டு. ஃபாலோ விழுகிற வரைக்கும் மாஸ்டர் யாருக்கும் கைதட்டியதில்லை.

"ரெட்டு போட்டான். ஃபாலோ எங்கண்ணா?"

"அவருக்கு ஃபாலோ வேணாம் மாஸ்டர். அது ஒரு சலுகை. காசு கட்டினா வரும்."

மாஸ்டர் ஃபோனிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார். மறுபடி ஃபோனைப் பார்த்தார். மாஸ்டருடைய கடைசிக் காய் ஸ்டிரைக்கர் வைக்கும் கோட்டுக்கு இந்தப் பக்கம், விளிம்போடு ஒட்டிக் கிடந்தது. அதைக் கட்டைவிரலால் பின்பக்கமாக அடித்துப் போடுவது மாஸ்டரின் அடி. வெளி மன்றங்களிலிருந்துகூட அதைப் பார்க்க வருவார்கள். திரையின் மூலையில் ஒரு கட்டைவிரல் படம் இருந்தது. கீழே 'மாஸ்டர் அடி' என்று எழுதியிருந்தது. மேலே ஒரு பூட்டு.

தொட்டார். விலை கேட்டது. முப்பது நாளைக்கு மட்டும் என்றது.

"இது என் அடி."

"ஆமா மாஸ்டர்."

"இது உள்ள எப்படி வந்துச்சு?"

"நான்தான் அவங்களுக்கு ஆடிக் காட்டினேன். பூட்டு போடுவாங்கன்னு சத்தியமாத் தெரியாது."

மாஸ்டர் குரல் உயர்ந்தது. "என் அடிக்கு எங்கிட்டயே காசா? இதக் கத்துக்குறப்ப கட்டைவிரல் நகம் பேந்து கெடந்தேன். சோத்தைப் பிசையக்கூட முடியாது, எங்கம்மாதான் ஊட்டுனாங்க. இவன் முப்பது நாள்ல திருப்பி எடுத்துக்குவானா? அப்ப வாங்குனவன் இன்னாத்தைத்தான் வாங்குனான்? கேமுக்குள்ள நுழையவே ஒரு காசு குடுக்குறான் இல்ல?"

"குடுக்குறாரு."

"கதவுக்குக் காசு வாங்கிட்டு, உள்ள கீற ஒவ்வொரு நாற்காலிக்கும் பூட்டு. கேட்டா சலுகை. வெக்கமா இல்ல?"

"எல்லா கேமும் இப்ப இப்படித்தான் மாஸ்டர். பாதி வீட்டைக் கட்டி வித்துடுறாங்க, மாடிப்படியை அப்புறமா விக்குறாங்க. ஒரு நாள் மொத்த வீட்டையும் மூடிட்டுப் போனாலும் கேக்க முடியாது. ஆபீஸ்ல நான் கேட்டேன். 'அங்கிள், நீங்க காயை மட்டும் பாத்துக்குங்க'ன்னு சிரிச்சாங்க." எத்திராஜ் ஃபோனை எட்டிப் பார்த்தார். "ஆனா மொத்தமா மோசம்னும் சொல்ல முடியல. துபாய்ல ஒருத்தரு இங்க கீற பொண்டாட்டியோட தெனமும் ஒரு கேம் ஆடுறாராம். சோதனைக்கு விட்டப்ப எழுதியிருந்தாரு. சண்டை வந்தாகூட கேம் மட்டும் நிக்கலையாம்."

மாஸ்டர் ஃபோனை அணைத்து ஜன்னலில் வைத்தார். இரண்டாம் போர்டில் காய்களை அடுக்கினார். பிறகு இரண்டு பவுடர் டப்பாக்களை எடுத்து, எதிர்ப்பக்கத்து இரண்டு குழிகளின் மேல் ஒவ்வொன்றாக வைத்தார்.

"உக்காருங்க. ஆடலாம்."

"டப்பா எதுக்கு மாஸ்டர்?"

"இப்போதைக்கு ரெண்டு குழிதான். வாட்சைக் கழட்டினா இன்னொண்ணு தெறக்கும்."

எத்திராஜ் சிரித்தார். வாட்சைக் கழற்றிக் கொடுத்தார். ஒரு டப்பா விலகியது. நாலு அடியில் மூன்று காய் போட்டார். கை அன்றைக்கு நன்றாக வந்தது.

"அந்த மூலை?"

"கண்ணாடி."

"கண்ணாடி இல்லாட்டி காய் தெரியாது மாஸ்டர்."

"குழி வேணுமா, வேணாமா?"

கழற்றிக் கொடுத்தார். அந்த டப்பாவும் விலகியது. இப்போது கறுப்பு எல்லாம் ஒரு புகை, வெள்ளை எல்லாம் ஒரு புகை. தடவிப் பார்த்துத்தான் ஸ்டிரைக்கரை வைத்தார். இருந்தாலும் விடவில்லை. விரலுக்குப் போர்டு தெரிந்திருந்தது. மாஸ்டர் இரண்டு அடியை வேண்டுமென்றே தவறவிட்டாரோ என்னவோ, எத்திராஜ் முன்னால் போனார். கடைசியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிவப்பை அடித்தார்.

டொங்.

"ரெட்டு!" என்று கத்தினார். அவருடைய வெள்ளைக் காய் ஒன்று எதிர்க் குழியின் வாயிலேயே நின்றிருந்தது. ஊதினால் விழும். ஸ்டிரைக்கரைக் கோட்டில் வைத்தார்.

மாஸ்டர் அதன் மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"அட்டை."

"எது?"

"கழுத்துல தொங்குதே."

"அது மட்டும் வேணாம் மாஸ்டர்."

"அப்ப ஸ்டிரைக்கர் இல்ல."

"ரெட்டு போட்டுட்டேன். காய் வாயில நிக்குது மாஸ்டர்."

"நிக்கட்டும்."

எத்திராஜின் கை ஓங்கி இறங்கியது. போர்டு அதிர்ந்து சட்டம் டொங் என்றது. எல்லாக் காயும் ஒரு தடவை எம்பி உட்கார்ந்தது. வாயில் நின்ற காய்கூட விழவில்லை.

"இது ஒரு ஆட்டமா? நீங்க சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினேன். வாட்சைக் குடுத்தேன். கண்ணைக் குடுத்தேன். குருடன் மாதிரி தடவித் தடவி ஆடி ஒரு ரெட்டைப் போட்டா, கடைசில கையைப் புடிச்சுக்குறீங்க? குடுக்கக் குடுக்க வாங்கிக்கினே இருந்தா இதுக்கு ஒரு முடிவு வேணாமா? ஏமாத்து மாஸ்டர் இது. பச்சை ஏமாத்து!"

கீழே மில் ஓடவில்லை. அதனால் அவர் குரல் கொஞ்ச நேரம் மாடியிலேயே நின்றது. அது அவருக்கே கேட்டது.

மாஸ்டர் கையை எடுத்தார். கண்ணாடியைத் தன் துப்பட்டாவில் துடைத்து நீட்டினார். வாட்சைப் போர்டின் ஓரத்தில் வைத்தார்.

எத்திராஜ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். போர்டு தெளிவாகத் தெரிந்தது. மாஸ்டரை நிமிர்ந்து பார்க்கத்தான் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"காய் நல்லா ஓடுதுன்னு நீங்கதானே சொன்னீங்க மாஸ்டர்."

"நல்லா ஓடுது. அதான் எனக்குக் கோவம். ஓடாத காய்க்கு எவன் பூட்டு போடுவான்?"

எத்திராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

"வீட்ல இப்பத்தான் ஞாயித்துக்கிழமை தையல் மெஷினை மூடி வைக்குறா மாஸ்டர். ரெண்டு வருஷமா ஒரு நாள்கூட மூடினதில்ல. போன வாரம் மத்தியானம் படுத்துத் தூங்கினா. நான் சும்மா உக்காந்து பாத்துக்கினே இருந்தேன்."

மாஸ்டர் வாட்சை அவர் பக்கம் நகர்த்தினார்.

"திங்கக்கிழமை நான் இன்னா சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்றதைச் சொல்லிட்டு வரேன்."

மாஸ்டர் ஸ்டிரைக்கரை அவர் பக்கம் தள்ளினார். குழி வாயில் நின்ற வெள்ளைக் காயைப் பார்த்தார்.

"ரெட்டை நீங்க போட்டுட்டீங்கண்ணா. ஃபாலோவை நானா போட முடியும்?"

சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார்.

எத்திராஜ் ஸ்டிரைக்கரை அடிக்கவில்லை. ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். "கொடுக்குற காசுக்கு..." என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். மீதி வரவில்லை. இன்னொரு தடவை ஆரம்பித்தார். அதே இடத்தில் நின்றது.

சாயந்திரம் ஆட வருகிறவர்களுக்கு இன்னும் பவுடர் ஆகவில்லை. டப்பாவின் மேல் குனிந்தார். அட்டை முன்னால் ஆடி பவுடரில் இடித்தது. ஒதுக்கிவிட்டார். மறுபடி இடித்தது. அதைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டினார். ஜன்னலோரம் கிடந்த துணியை ஒரு காலி டப்பாவின் வாயில் இழுத்துக் கட்டி, ஒரு கை பவுடரை அள்ளிப் போட்டுச் சலிக்க ஆரம்பித்தார்.